அக்கா அனுப்பிய பால்

அன்று விடிந்ததிலிருந்தே சாரல். தக்கலையில் என் கடைக்கு முன்னால் அடுக்கியிருந்த குழாய்களை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் குடையை மடக்காமலேயே கடைக்குள் நுழைந்தார். குடைக்கம்பி பட்டு, மேலே தொங்கவிட்டிருந்த பிளாஸ்டிக் வாளிகளில் இரண்டு கீழே உருண்டன. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏலே, ஒனக்க அக்கா கேசு குடுத்துட்டா."

சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். மழைக்காக அதை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு ரப்பர் பேண்டு சுற்றியிருந்தார். அந்த ரப்பர் பேண்டைக் கழற்றுவதற்குள் அவர் விரல்கள் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே பயம் வந்துவிட்டது.

"ஒனக்க அக்கா" என்று அவர் சொன்னதைக் கவனிக்க வேண்டும். எனக்கு அக்கா என்றால் அவருக்குத் தங்கச்சிதான். இங்கிலாந்திலிருந்து சாக்லேட் வரும்போதெல்லாம் "எனக்க தங்கச்சி குடுத்து விட்டது" என்று தெரு முழுக்கச் சொல்லுவார். கேசு என்று வந்ததும் அவளை என் கணக்கில் எழுதிவிட்டார்.

மூன்று பேரும் ஒரு வீடும்

இந்தத் தொடரை நடுவில் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் 'புலவர் சார்' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். நடுவில் சரோஜா அக்கா, நர்ஸ். சவூதிக்குப் போய், அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய், பிள்ளைகளை அங்கேயே ஆளாக்கி, அத்தானையும் அந்த மண்ணிலேயே அடக்கம் செய்தவள். கடைசி நான். மஸ்கட்டில் ஒரு கம்பெனி ஸ்டோரில் பல வருஷம் ஆணியும் குழாயும் எண்ணிக் கொடுத்தேன். இப்போது சொந்த ஊரில் அதே ஆணியையும் குழாயையும் விற்கிறேன்.

அப்பா கட்டிய வீட்டில் அண்ணன் குடும்பம் இருக்கிறது. அப்பா படுக்கையில் கிடந்தபோது நானும் அக்காவும் ஆளுக்கொரு பாலைவனத்தில் இருந்தோம். தூக்கி உட்கார வைத்தது, குளிப்பாட்டியது, கொள்ளி வைத்தது எல்லாம் அண்ணன்தான். அந்த வீடு அவருக்குப் போகட்டும் என்று நான் மனசுக்குள் எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டேன். வெளியே சொல்லவில்லை. சொன்னால் "அப்போ இதுவரை உன் வீடாவா இருந்துது?" என்று கேட்பார்.

பாகப்பிரிவினை என்ற பேச்சே எங்களுக்குள் எழுந்ததில்லை. எங்கள் பக்கத்தில் இது பெரிய விஷயம். ஒரு வீட்டின் மேல் கேஸ் இல்லை என்றால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். காலையில் வெள்ளை வேட்டி கட்டி பஸ்ஸுக்கு நிற்பவரிடம் எங்கே கல்யாணம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். "இன்னைக்கு வாய்தாவா?" என்றுதான் கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் நாங்கள் மூன்று பேரும் வாய்தா இல்லாமல் தலை நரைத்துவிட்டோம்.

நாலு வரி தமிழ், ஒரு வரி வேறு

செல்போனில் அக்கா அனுப்பிய செய்தி இருந்தது. அக்காவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனால் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவாள். அதை அண்ணன் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, முகம் சுளித்துக்கொண்டே படிப்பார். அவள் எழுதியிருந்தது இதுதான்:

"அண்ணா, எனக்கு ரிட்டயர்மென்ட் வருது. நம்ம வீட்டுல வந்து கிடக்கணும்னு ஆசையா இருக்கு. எனக்குக் கட்டில் போட ஒரு முறி போதும், பின்பக்கம் பிரிச்சுத் தந்தாலும் சரி, சேந்து இருந்தாலும் சரி. ஒனக்கு எது சவுரியமோ அதைச் சொல்லு. பால் இஸ் இன் யுவர் கோர்ட்."

நான் படித்துவிட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

"கேசு குடுத்தா சிரிப்பியா?"

"இதுல கேசு எங்க அண்ணா இருக்கு? பால்னா பந்து. பந்து ஒங்க பக்கம் இருக்கு, இனி நீங்கதான் முடிவு சொல்லணும்னு அர்த்தம். வெள்ளக்காரன் சும்மா பேச்சுல சொல்லுதது."

"பந்துன்னா பந்துன்னு எழுதத் தெரியாதா அவளுக்கு? மேல நாலு வரியும் தமிழு. அஞ்சாவது வரியில மட்டும் பந்து எங்கேருந்து வந்துது?" அவர் குரல் வகுப்பறைக் குரலாக மாறியது. "பால்னா என்ன? பகுப்பு. ஆண்பால், பெண்பால்னு எதுக்குச் சொல்லுதோம்? பகுத்து வச்சதுனால. பால், பாகம், பங்கு எல்லாம் ஒரே குடும்பம். பங்கு ஒங்க கோர்ட்டுல இருக்குன்னு எழுதியிருக்கா. ஒங்க கோர்ட்டுன்னா எது? பத்மநாபபுரம் கோர்ட்டு. மேல 'பிரிச்சு'ன்னும் எழுதியிருக்கா, பாத்தியா?"

"அண்ணா, பஸ்ஸுக்குப் போடுத பி போட்டுல்லா எழுதியிருக்கா? நம்ம பாலா இருந்தா பேப்பருக்குப் போடுத எழுத்துல்லா வரும்."

"அவ பழத்துக்கும் பஸ்ஸு பி, பாயசத்துக்கும் பஸ்ஸு பி. போன ஓணத்துக்கு அவ அனுப்புன வாழ்த்தை நீ படிச்சியா?"

படித்திருந்தேன். அதில் 'பாயசம் வச்சியளா' என்பது முதலில் 'பயம் வச்சியளா' என்றுதான் எனக்கும் விழுந்தது.

"வாலிபால் கோர்ட்டு இருக்குல்லா? அந்தக் கோர்ட்டு" என்று கடைசியாக ஒரு முயற்சி செய்தேன்.

"சரோசா எப்பலே வாலிபால் வெளையாடினா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் குடையோடு இறங்கிப் போனார்.

தூங்கச் சொன்ன துரை

அண்ணனைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. மஸ்கட்டில் நானும் ஒரு பேச்சு வழக்கில் மாட்டியவன்தான்.

அப்பா தவறிய செய்தி வந்த வாரம் எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஸ்டோரில் ஒரு மூலையில் பிளைவுட் மேல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மானேஜர் ஒரு வெள்ளைக்காரர். நல்ல மனுஷன். அருகில் வந்து என் தோளில் தட்டி, "ஹேங் இன் தேர்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தெரிந்த 'ஹேங்' ஒன்றுதான். அண்ணாந்து பார்த்தேன். ஸ்டோரில் உத்தரங்கள் இருந்தன, கயிறும் ரோல் ரோலாக இருந்தது. அப்பா செத்த துக்கத்தில் இருக்கிறவனிடம் இப்படியும் ஒருத்தன் சொல்லுவானா என்று அழுகை பொங்கி வந்தது.

அறைக்கு வந்ததும் கூட இருந்த பாறசாலைக்காரனிடம் சொன்னேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தூங்ஙிச் சாவான் பறஞ்ஞதல்லடா, பிடிச்சு நில்க்கான் பறஞ்ஞதா" என்றான். மலையாளத்தில் தூங்குவது என்றால் தொங்குவது. தொங்கிச் சாகச் சொல்லவில்லை, தாக்குப்பிடித்து நில் என்று ஆறுதல் சொன்னார் என்பதை ஆங்கிலத்திலிருந்து மலையாளத்துக்கும், மலையாளத்திலிருந்து தமிழுக்கும் இறக்கிப் புரிந்துகொள்ள எனக்கு அன்று அரை மணி நேரம் ஆயிற்று. மறுநாள் மானேஜருக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்தேன். ஏன் கொடுக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

அந்த நாளுக்குப் பிறகு ஆங்கிலத்தில் யாராவது சின்னச் சின்ன வார்த்தைகளாகப் பேசினால் நான் உஷாராகிவிடுவேன். பெரிய வார்த்தைக்கு டிக்‌ஷனரி இருக்கிறது. சின்ன வார்த்தைதான் ஆளைக் கவிழ்க்கும்.

ஒனக்க இஷ்டம்

அன்றே அக்காவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் முதலில் அவளும் சிரித்தாள்.

"நான் வார்டுல ஒரு நாளைக்கு நாலு மட்டம் சொல்லுத வார்த்தைடே அது. நீ எதைச் சொன்னாலும் சரின்னு அர்த்தம்."

"அதை அப்பிடியே தமிழ்ல எழுதியிருக்கலாமே அக்கா? 'ஒனக்க இஷ்டம்'னு?"

அக்கா சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்பிடித்தான் எழுதினேன் மக்கா. பொறவு அழிச்சேன். 'ஒனக்க இஷ்டம்'னா நம்ம ஊர்ல கோவத்துல சொல்லுததுல்லா? அண்ணன் படிச்சிட்டு வெப்ராளப்படுவான்னுதான் இங்கிலீஷ்ல போட்டேன்."

அவள் சொன்னது முழுக்க உண்மை. எங்கள் ஊரில் 'ஒனக்க இஷ்டம்' என்று ஒரு பெண்பிள்ளை சொன்னால், அந்தக் காரியத்தை உடனே கைவிட்டுவிட வேண்டும் என்று பொருள். என் மனைவி அதைச் சொல்லி நான் கைவிட்ட காரியங்களுக்கு அளவில்லை. அண்ணனை மனம் நோக வைத்து வெப்ராளப்படுத்தக் கூடாது என்று நல்ல மெத்தென்ற வார்த்தையாகத் தேடி எடுத்திருக்கிறாள். அதில் கோர்ட் இருந்துவிட்டது.

அண்ணன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. பந்து உன் பக்கம் என்பதில் 'நீ சொல்வதற்குச் சம்மதம்' என்பது பாதிதான். 'என் பங்கு முடிந்தது, இனி நான் வாய் திறக்க மாட்டேன்' என்பது மீதிப் பாதி. ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அந்த மீதிப் பாதி அண்ணன் காதில் விழுந்திருக்கிறது. அப்பாவோடு கிடந்து கழிந்த வீட்டை விட்டு இந்த வயதில் இறங்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவருக்குள் வெகுநாளாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பயத்துக்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டது. அக்கா அனுப்பிக் கொடுத்தாள்.

முந்திக்கொள்ளும் மனு

அண்ணன் என் கடையிலிருந்து நேரே ஒரு வக்கீலிடம் போயிருக்கிறார். வக்கீல் அண்ணனிடம் தமிழ் படித்தவர், ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்தவர். செய்தியைப் படித்த உடனே அவருக்கு அர்த்தம் விளங்கியிருக்கும். ஆனால் அர்த்தம் சொல்ல அவர் பீஸ் வாங்குவதில்லை.

"எதுக்கும் நாம முந்திக்கிடுவோம் சார்" என்றாராம். "கேவியட் ஒண்ணு போட்டு வைப்போம்."

கேவியட் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்னார் என்மேல் கேஸ் கொடுக்கக்கூடும், கொடுத்தால் என்னைக் கேட்காமல் அவருக்குச் சாதகமாக எந்த உத்தரவும் போட்டுவிடாதீர்கள் என்று கோர்ட்டில் முந்திக்கொண்டு கொடுக்கும் மனு. அதன் நகலை அந்த இன்னாருக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்ப வேண்டும். அதாவது, உனக்கு என்மேல் கேஸ் போடும் எண்ணம் இல்லாவிட்டால், இதைப் படித்து உண்டாக்கிக்கொள் என்று அர்த்தம்.

கூடவே ஒரு யோசனையும் சொல்லியிருக்கிறார். "தங்கச்சி போன் பண்ணினா எடுக்காதீங்க சார். ரெக்கார்டு பண்ணுவாங்க."

ஆகவே அக்கா கூப்பிடக் கூப்பிட அண்ணன் போனை எடுக்கவில்லை. மேசையில் கிடந்து அது அடித்து ஓய்வதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாராம். அண்ணன் மனைவி, என் மதினிதான் சொன்னாள்.

சில நாட்களில் தபால்காரர் என் கடைக்கே வந்தார். "ரிஜிஸ்டர் இருக்கு, கையெழுத்துப் போடுங்க" என்றார். பிரித்தால் கேவியட் நகல். எதிர்மனுதாரர் ஒன்று, சரோஜா. எதிர்மனுதாரர் இரண்டு, நான். பந்துக்கும் பாலுக்கும் வித்தியாசம் சொல்லப் போன எனக்கு அண்ணன் கொடுத்த இடம் அது. கோபம் வந்தது. கடையில் ஆள் நின்றதால் சிரித்து வைத்தேன்.

அக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. அன்று முதல் தடவையாகத் தமிழ் எழுத்திலேயே அண்ணனுக்கு ஒரு வரி தட்டியிருந்தாள். 'வீடு உனக்கே இருக்கட்டும் அண்ணா.' பிழை ஒன்றுகூட இல்லை. அண்ணன் அதைப் படித்துவிட்டு அன்று மத்தியானம் சோற்றில் கை வைக்கவில்லை என்று மதினி சொன்னாள்.

எனக்கு அக்கா தனியாக ஒன்று எழுதினாள். நாகர்கோவிலில் சின்னதாக ஒரு ஃபிளாட் வாடகைக்குப் பார்த்து வைக்கச் சொன்னாள். பார்த்தேன். சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். பிறந்த வீடு கூப்பிடு தூரத்தில் இருக்க, பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டு அவள் தனியாக இருக்கப் போகிறாள்.

முட்டு வலி

அக்கா வருகிற தேதி தெரிந்த வாரம் அண்ணன் கடைக்கு வந்தார். கேவியட்டுக்குப் பிறகு முதல் தடவை. வாளிகளுக்குக் கீழே குனிந்து, பத்திரமாக வந்தார்.

"வெஸ்டர்ன் குளோசெட் இருக்கா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான். முட்டு வலி."

"எந்த முறிக்கு?"

"பின்பக்கத்து முறிக்கு."

பின்பக்கத்து முறியில் யாரும் இருப்பதில்லை. தேங்காயும் பழைய விடைத்தாள்களும்தான் கிடந்தன. கைப்பிடிக் கம்பியும் வேண்டும் என்றார். நல்லதாக, வழுக்காத தரை ஓடும் வேண்டும் என்றார். முட்டு வலிக்காரர் அவ்வளவையும் ஆட்டோவில் தானே தூக்கி ஏற்றினார்.

சாயங்காலம் மதினிக்குப் போன் போட்டேன். "ஒங்க அண்ணனுக்கு முட்டு வலியா? நேத்து தென்னையில ஏறி ஓலை வெட்டினாரு" என்றாள். "ஒங்க அக்காளுக்குத்தான் முட்டு வலி. தரையில குந்த முடியலன்னு போன வருசம் எழுதியிருந்தாள்லா?"

மறுநாள் அண்ணனைக் கூப்பிட்டேன். "ஒரு வார்த்தை வான்னு சொல்லுங்க. வந்துருவா" என்றேன்.

"அந்த முறியில கொத்தன் வேலை நடக்கது ஒனக்குத் தெரியும்லா? நான் செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு. இனி பால் அவளுக்க கோர்ட்டுல."

இடம், பொருள், தொனி எல்லாம் கச்சிதமாக இருந்தது. ஆங்கிலேயர்கூட இவ்வளவு சரியாகப் பயன்படுத்த மாட்டார்கள். இவ்வளவு நாள் நான் படித்துப் படித்துச் சொன்னது இப்படியா பலிக்க வேண்டும் என்று எரிச்சலாக இருந்தது. அக்காவிடம் முறி தயாராகிறது என்று மட்டும் சொன்னேன். "அண்ணன் அவன் வாயால கூப்பிடட்டும்" என்றாள். அவளும் சரியாகத்தான் சொன்னாள்.

வந்தியா

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் காலையில் அக்கா வந்து இறங்கினாள். இரண்டு பெரிய பெட்டிகள், ஒரு கைப்பை. நடக்கும்போது லேசாகச் சாய்ந்தாள். களியக்காவிளை தாண்டும் வரை பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். மார்த்தாண்டத்தில் சாயா குடித்தோம். அண்ணன் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

தக்கலை தாண்டி அப்பா கட்டிய வீட்டுக்கு ரோடு பிரிகிற இடம் வந்தது. நாகர்கோவில் என்றால் நேரே போக வேண்டும். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் வண்டியை இடது பக்கம் திருப்பினேன்.

"நேரால்லா போணும்?" என்றாள்.

"அந்த ரோட்டுல வேலை நடக்கு அக்கா. அடைச்சுப் போட்டிருக்கான்."

எங்கள் மாவட்டத்தில் இந்தப் பொய்யை யாரும் சந்தேகப்படவே முடியாது. அக்கா வெளியே பார்த்தாள். அந்த ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருந்தது. கைப்பையைத் திறந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டாள்.

அண்ணன் வாசலில் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டி, தண்ணீர் வராத ஒரு குழாயைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நின்றதும் நிமிர்ந்தார். அக்கா கதவைத் திறந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். இருவருக்கும் நடுவில் நாலடி தூரம்.

"வந்தியா?" என்றார் அண்ணன்.

எங்கள் ஊரில் 'வந்தியா'வுக்கு இழுக்கிற இழுப்பில்தான் அர்த்தம். வாயேன் உள்ளே என்றும் இருக்கும், வர மனசு வந்ததா என்றும் இருக்கும், எதற்கு வந்தாய் என்றும் இருக்கும். மூன்று பாஷைப் பேச்சையும் கேட்டுப் பழகிய நான், இது எந்த வந்தியா என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"வந்தேன்" என்றாள் அக்கா. செருப்பைக் கழற்றிப் படிக்கட்டு ஓரத்தில் விட்டாள். அண்ணனைத் தாண்டி, யாரையும் கேட்காமல், உள்ளே போனாள்.

அண்ணன் அந்தச் செருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது, குரலில் மட்டும் வாத்தியார் இருந்தார்.

"நீ என்னலே பாத்துக்கிட்டு இருக்கே? பெட்டிய எறக்கு. ரெண்டையும் எறக்கு."